திசை யார் கையில்? வழிகாட்டி நாயும் நம் சிறார் கதைகளும்

வழிகாட்டி நாயைப் பற்றிப் பெரும்பாலோர் நினைப்பது ஒன்று, அது செய்யும் வேலை வேறு. பார்வையற்ற ஒருவரை நாய் கூட்டிக்கொண்டு போகிறது, அவர் அதன் பின்னால் போகிறார் என்றே பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். எங்கே போக வேண்டும், எத்தனையாவது தெருவில் திரும்ப வேண்டும் என்ற கணக்கெல்லாம் உண்மையில் மனிதரின் தலையில்தான் இருக்கிறது. இடம், வலம், நேரே என்று சொல்கிறவர் அவர். நாயின் உடம்பில் பூட்டிய வார்ப்பட்டையிலிருந்து விறைப்பான கைப்பிடி ஒன்று மேலெழுந்து அவருடைய இடது கைக்கு வருகிறது. நாய் நடையைக் குறைத்தாலும் விலகினாலும் நின்றாலும் அந்த அசைவு கைப்பிடி வழியாக உடனே கைக்குத் தெரிந்துவிடும். நடைபாதை முடிந்து சாலை தொடங்கும் விளிம்பில் நாய் நின்றுவிடும். கடக்கலாமா கூடாதா என்பதை வண்டிகளின் இரைச்சலைக் கூர்ந்து கேட்டு மனிதர் முடிவு செய்கிறார். விளக்கின் நிறத்தைப் பார்த்து நாய் சொல்வதில்லை. ஆனால், அவர் ‘போ’ என்று சொன்ன பிறகும் குறுக்கே வண்டி வந்தால் நாய் அசையாது. எப்போது கீழ்ப்படியக் கூடாது என்பதும் அதற்குச் சொல்லிக்கொடுத்த பாடமே. திசை மனிதருடையது, தடங்கலைக் கண்டு தெரிவிப்பது நாயுடையது. இந்தப் பங்கீட்டை அளவுகோலாக வைத்துக்கொண்டு, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் வரும் கதைகளைப் படித்துப் பார்க்கலாம். எந்தக் கதை அந்தப் பிள்ளையை ஆளாக மதிக்கிறது, எது இனிக்கப் பேசிக்கொண்டே ஓரமாக உட்கார வைக்கிறது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

முதல் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் 1916-இல் தொடங்கிய பள்ளியிலிருந்துதான் முறையான பயிற்சி ஆரம்பமாகிறது. ஸ்விட்சர்லாந்தில் நாய்களைப் பழக்கிவந்த டோரதி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, அந்த ஜெர்மன் முறையைப் பற்றி 1927-இல் ஒரு பத்திரிகையில் எழுதினார். அதைக் கேள்விப்பட்டு மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற அமெரிக்க இளைஞர் அவருக்குக் கடிதம் போட்டார்; மறு ஆண்டு ஸ்விட்சர்லாந்து போய் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டுடன் ஊர் திரும்பினார். 1929-இல் அமெரிக்காவின் முதல் பயிற்சிப் பள்ளியான ‘தி சீயிங் ஐ’ உருவானது. சிறார் நூல்களில் இந்த நாய்க்கு நிலையான இடம் தேடித் தந்தவை சில கதைகள். அவற்றில் முக்கியமானது ஜேம்ஸ் பி. கார்ஃபீல்ட் 1957-இல் எழுதிய ‘ஃபாலோ மை லீடர்’. பட்டாசு வெடித்துப் பார்வையிழக்கிறான் ஜிம்மி என்ற பதினோரு வயதுப் பையன். தீபாவளி தோறும் பிள்ளைகளின் கண் காயங்களைப் பற்றிய செய்தி வரும் நம் நாட்டில் இந்தத் தொடக்கம் அந்நியமானதே அல்ல. அவன் சாப்பிடப் பழகுகிறான், கோல் பிடித்து நடக்கப் பழகுகிறான், பிரெய்ல் படிக்கிறான். பிறகுதான் லீடர் என்ற நாய் வருகிறது. பயிற்சிப் பள்ளிகள் பொதுவாகப் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நாய் தருவதில்லை என்பதால் இது கதைக்காக எடுத்துக்கொண்ட சலுகைதான். ஆனாலும், நாய் வந்ததும் துன்பம் தீர்ந்தது என்று அந்த நூல் சொல்லவில்லை. கட்டளை இடத் தெரிந்தவனுக்கே நாய் பயன்படும், தான் போகும் வழி தெரிந்தவனே கட்டளை இட முடியும் என்பதைப் பக்கம் பக்கமாகக் காட்டுகிறது. பின்னால் வந்த நாய்க் கதைகளில் பல இந்த இடத்தில்தான் சறுக்கின. நாயின் விசுவாசத்தை வருணிக்கும் ஆர்வத்தில் நாயை நாயகனாக்கிவிட்டு, மனிதரை அது இழுத்துச் செல்லும் சுமையாக்கிவிட்டன.

இதற்கு முந்தைய மேற்கத்தியச் சிறார் இலக்கியத்தில் நிலைமை இன்னும் மோசம். 1872-இல் வந்த ‘வாட் கேட்டி டிட்’ கதையில் ஊஞ்சலிலிருந்து விழுந்து படுக்கையில் கிடக்கும் கேட்டி, பொறுமையும் பணிவும் கற்றுக்கொண்ட பிறகு எழுந்து நடக்கிறாள். 1880-81-இல் வந்த ‘ஹெய்டி’யில் கிளாராவின் சக்கர நாற்காலி மலைச்சரிவில் உருண்டு நொறுங்குகிறது, மலைக்காற்றில் அவள் நடக்கத் தொடங்குகிறாள். 1911-இன் ‘தி சீக்ரெட் கார்டன்’ கதையில் காலின் தோட்டத்தில் எழுந்து நிற்கிறான். இந்த வகைக் கதைகளை ஆராய்ந்து 2001-இல் தனி நூலே எழுதியவர் சக்கர நாற்காலியில் வாழ்ந்த எழுத்தாளர் லோயிஸ் கீத். குணமாவது அல்லது இறப்பது என்ற இரண்டு முடிவுகளுக்கு அப்பால் அந்தக் கதைகளில் உடற்குறை உள்ள பெண்ணுக்கு வாழ்க்கை இல்லை என்பது அவருடைய கணிப்பு. உடற்குறையோடு வளர்ந்து, வேலைக்குப் போய், சண்டை போட்டு, வயதாகிற ஒருவரைக் கற்பனை செய்ய அந்த எழுத்தாளர்களால் முடியவில்லை. அந்தச் சுவரை உடைத்தவர்களில் கனடாவின் ஜீன் லிட்டிலை நான் முதலில் வைப்பேன். பிறவியிலேயே பார்வை மிகக் குறைந்த அவர் 1962-இல் எழுதிய ‘மைன் ஃபார் கீப்ஸ்’ நாவலில், பெருமூளை வாதம் உள்ள சால் என்ற சிறுமி தங்கிப் படித்த சிறப்புப் பள்ளியிலிருந்து வீடு திரும்பி, எல்லாரும் படிக்கும் பள்ளியில் சேர்கிறாள். அவளுக்கு ஒரு நாய் கிடைக்கிறது. அது பயந்த சுபாவம் கொண்ட சின்ன நாய். அவளுக்கு எந்தச் சேவையும் செய்வதில்லை. அதற்குச் சோறு வைத்துப் பழக்கித் தைரியம் ஊட்ட வேண்டியவள் சால். பிறர் பார்த்துக்கொள்ள வேண்டியவள் என்றே எண்ணப்பட்ட ஒரு பிள்ளையை, இன்னோர் உயிரைப் பார்த்துக்கொள்கிறவளாக ஜீன் லிட்டில் மாற்றிவைத்தார். பிற்காலத்தில் அவரும் ஒரு வழிகாட்டி நாயோடுதான் நடமாடினார்.

நம் மரபில் நாய் இல்லை, கயிறு இருக்கிறது. சேக்கிழார் பாடிய அறுபத்து மூவரில் தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையற்றவர். திருவாரூர்க் கோயில் குளம் தூர்ந்து சுருங்குவதை அறிந்து அதைத் தோண்டி அகலப்படுத்த முடிவு செய்கிறார். குளத்துக்குள் ஒரு கழி, கரைமேல் ஒரு கழி, இரண்டுக்கும் இடையே கயிறு. கயிற்றைத் தடவிக்கொண்டு இறங்குகிறார், மண்ணை வெட்டிக் கூடையில் அள்ளுகிறார், அதே கயிற்றைத் தடவிக்கொண்டு கரையேறிக் கொட்டுகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டு நூலில், பார்வையற்ற ஒருவர் தன் வேலைக்குத் தானே உருவாக்கிய கருவியின் துல்லியமான சித்திரம் இது. வேலை அவர் தேர்ந்தது, வழி அவர் வகுத்தது, கயிறு தடம் தப்பாமல் காக்கிறது. வார்ப்பட்டையின் கைப்பிடி செய்வதும் இதே வேலைதான். ஆனால், பிள்ளைகளுக்காகச் சுருக்கிச் சொல்லும்போது கயிறு ஒரு வரியில் கடந்துபோகிறது. கழியைப் பிடுங்கி எறிந்து கேலி செய்த சமணர்களோடு நடந்த வழக்கும், அடிகளுக்குப் பார்வை வந்ததும், அவர்களுடைய பார்வை பறிபோனதும் கதையாகிவிடுகின்றன. பார்வை பரிசு, பார்வையின்மை தண்டனை. மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறியதால் சுந்தரர் பார்வையிழந்து, ஊன்றுகோல் பெற்று, பிறகு காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் பெறும் கதையிலும் இதே கணக்குதான். பக்தி இலக்கியத்தின் நோக்கம் வேறு, இறைவன் அருளைக் காட்டுவது அதற்கு முதன்மை என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு வகுப்பில் பார்வையற்ற பிள்ளை உட்கார்ந்து இதைக் கேட்கும்போது, தன் கண் ஏதோ குற்றத்தின் பலன் என்றோ, பக்தி போதாமல் இன்னும் திறக்கவில்லை என்றோ அது எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. சொல்கிற ஆசிரியர் கயிற்றின் அருகே ஐந்து நிமிடம் நின்றாலே போதும், அதே கதை வேறாகிவிடும்.

இரட்டைப் புலவர்களின் கதை இதைவிட ஆரோக்கியமானது. நடக்க இயலாதவரைப் பார்வையற்றவர் தோளில் சுமக்கிறார். மேலே இருப்பவர் வழி சொல்கிறார். வெண்பாவின் முற்பாதியை ஒருவர் பாட, பிற்பாதியை மற்றவர் முடிக்கிறார். இங்கே குணமாவதும் இல்லை, இரக்கமும் இல்லை. இருவரும் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள், பரிசு கேட்கிறார்கள், கொடுக்காதவர்களை வைகிறார்கள். உடற்குறை அவர்களுடைய தொழிலைத் தடுக்கவில்லை. தொழில் அதற்கேற்ற வடிவம் எடுத்துக்கொண்டது. இதற்கு நேர் எதிரில் நிற்பது பார்வையற்றவர்கள் யானையைத் தடவிப் பார்த்த கதை. புத்த மரபின் உதானத்திலிருந்து கிளம்பி உலகம் முழுதும் பரவி, நம் பாடநூல்களுக்கும் வந்து சேர்ந்தது. உண்மை பல முகம் கொண்டது என்று சொல்ல வந்த கதை, பிள்ளைகள் மனத்தில் விட்டுச்செல்வது ‘குருடர்கள் முட்டாள்கள்’ என்ற படிமத்தை. தொட்டு அறிவதையே தொழிலாகக் கொண்டவர் ஒரு கையகலம் தொட்டுவிட்டு நிறுத்துவாரா? யானையைச் சுற்றி வருவார், தும்பிக்கையிலிருந்து வால்வரை தடவுவார், பாகனிடம் கேட்பார், பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடுவார். அந்தக் கதையை எழுதியவர் பார்வையுள்ளவருடைய அவசரத்தைப் பார்வையற்றவர் மேல் ஏற்றிவிட்டார். பாடநூலிலிருந்து இதை நீக்கினால் பிள்ளைகளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ராஜாஜி மகாபாரதத்தை எளிய தமிழில் ‘வியாசர் விருந்து’ ஆக்கினார். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பாரதத்தை அறிந்தது அதன் வழியே. திருதராஷ்டிரன் என்றதும் புத்திரபாசத்தால் அறிவுக்கண்ணும் மூடிய அரசன் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். பாரதக் கதையிலேயே வேறு இரண்டு செய்திகள் உண்டு. மூத்தவனாக இருந்தும் பார்வையில்லாததால் அவனுக்கு அரியணை மறுக்கப்படுகிறது. அவன் மனத்தில் ஊறிய கசப்புக்கு இந்த அநீதிதான் ஊற்று என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லலாம். போர் தொடங்குமுன் வியாசர் அவனுக்குப் பார்வை தர முன்வருகிறார், அவன் வேண்டாம் என்கிறான். அந்தத் திறன் சஞ்சயனுக்குப் போகிறது. கீதை அவன் கேள்வியோடு தொடங்குகிறது. கேட்பவன் அவன், கண்டு சொல்பவன் சஞ்சயன். தவறான முடிவுகளை எடுத்தவன்தான், ஆனால் முடிவுகளை எடுத்தவன். மாற்றுத்திறனாளி பாத்திரம் நல்லவராகவே இருக்க வேண்டும் என்ற இன்றைய நல்லெண்ணத்தைவிட, இந்தப் பழைய அரசனிடம் மனிதத்தன்மை அதிகம். இராமாயணத்தின் கூனி மந்தரையை நான் இதே வரிசையில் சேர்க்க மாட்டேன். அங்கே வளைந்த முதுகே வளைந்த மனத்துக்கு அடையாளமாக நிற்கிறது.

திருச்செங்கோட்டு மேட்டுக்காட்டில் நடக்கும் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) சிறார் நூல் இல்லை. ஆனால், சிறார் வாழ்வைப் பற்றி அந்த வட்டாரத்தில் எழுந்த நூல்களில் அதற்கு ஈடு சொல்வது கடினம். பண்ணையத்தில் ஆள்காரப் பிள்ளைகளாகக் கிடந்து ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவர் சிறுமியர் அதில் உடலை வைத்தே அழைக்கப்படுகிறார்கள்: கூளையன், நெடும்பன், வவுறி, மொண்டி, செவிடி. ஊர் வைத்த பெயர்கள் கொடியவை. ஆனாலும் நாவல் அந்தப் பெயர்களுக்குள் பிள்ளைகளை அடைத்துவைக்கவில்லை. செவிடி மற்றவர்களோடு சண்டை போடுகிறாள், விளையாடுகிறாள், ஆட்டுக்குப் பின்னால் ஓடுகிறாள். அவளைப் பார்த்து அழச் சொல்லும் வாக்கியம் எதுவும் இல்லை. அந்தப் பிள்ளைகளை முடக்கிவைப்பது பண்ணையத்துக்குப் பட்ட கடனும் சாதியுமே. எந்தக் காட்டில் மேய்ப்பது, எப்போது வீட்டுக்குப் போவது என்பதைக்கூட அவர்கள் முடிவு செய்ய முடியாது. திசை யார் கையில் என்ற கேள்வியை நம் ஊரில் கேட்டால், உடம்பின் குறையோடு சாதியையும் வறுமையையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கும். மேற்கத்திய நாய்க் கதைகள் இந்த இடத்துக்கு வரவே இல்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சேலத்திலும் நாமக்கல்லிலும் வழிகாட்டி நாயைக் கண்டவர் யார்? நடைபாதை என்று ஒன்று இருந்தால் அதில் கடையும் இருசக்கர வண்டியும் நிற்கும். விளிம்பில் நிற்கப் பழகிய நாய்க்கு இங்கே விளிம்பே கிடைக்காது. சேலத்தின் ஐந்து ரோட்டு நெரிசலில் வண்டிகள் எந்தப் பக்கமிருந்தும் வரும். ஒவ்வொரு தெருவுக்கும் சொந்தமாக நாய்க்கூட்டம் இருக்கிறது. வார்ப்பட்டையோடு வரும் வெளிநாய் பத்தடி தாண்டாது. சித்திரை வெயிலில் தார்ச்சாலை அதன் பாதத்தைப் பொசுக்கும். நாய் என்றால் இங்கே பட்டிக்கும் தோட்டத்துக்கும் காவல். ஓட்டலுக்குள்ளோ பேருந்துக்குள்ளோ அதை ஏற்ற மாட்டார்கள். அப்படியிருக்க அயல்நாட்டு நாயைப் பற்றி நம் பிள்ளைகள் ஏன் படிக்க வேண்டும்? நாயைக் கொண்டுவந்து நம் கதைகளில் ஒட்டவைக்கச் சொன்னால் இந்த மறுப்பை அப்படியே ஏற்பேன். ஒட்டவைத்த நாய் பொய்யாகவே இருக்கும். எடுத்துக்கொள்ள வேண்டியது நாயும் மனிதரும் வேலையைப் பங்கிட்டுக்கொண்ட முறையை. அந்த முறைக்கு இங்கே நிறைய இடமிருக்கிறது. சேலம் புதிய பேருந்து நிலையத்தில் பார்வையற்ற பயணிக்குத் துணை, நடத்துநர்களின் கூவல்: சங்ககிரி, பவானி, ஈரோடு ஒரு பக்கம், நாமக்கல், கரூர் மறுபக்கம். குரலைக் கொண்டு அவர் தன் பேருந்தை நோக்கி நடக்கும்போது, உதவ நினைக்கும் ஒருவர் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போவது நம் ஊரில் அடிக்கடி நடப்பது. முறையான வழி நேர்மாறானது: பார்வையற்றவர் உதவுபவரின் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் நடக்க வேண்டும். பிடித்திருப்பவர் அவர் என்பதால் விடுவதும் அவர் விருப்பம். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதை ஒரு படக்கதையில் சொல்லிவிடலாம். கோலின் ஒரு முனையைத் தாத்தாவும் மறுமுனையைப் பேரனும் பிடித்துக்கொண்டு போகும் காட்சியும் நம் கதைகளுக்கும் சினிமாவுக்கும் பழக்கமானது. அந்தப் பேரன் பள்ளிக்கூடம் போனானா, தாத்தாவுக்குக் கோல் பிடித்துத் தனியாக நடக்க யாராவது கற்றுக்கொடுத்தார்களா என்ற கேள்விகளுக்கு அந்தக் காட்சியில் இடமே இருப்பதில்லை.

அண்மைக் காலத்தில் நல்ல மாற்றம் வந்திருக்கிறது. சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட ஜை விட்டேகரின் ‘கண்ணா பன்னா’ படக்கதையில், குகைக்கோயிலில் விளக்கு அணைந்ததும் எல்லாரும் தடுமாற, பார்வையற்ற கண்ணா அவர்களை வெளியே அழைத்து வருகிறான். அதே பதிப்பகத்தின் ‘கேட்ச் தட் கேட்!’ கதையில் (தாரிணி விஸ்வநாத்) சக்கர நாற்காலிச் சிறுமி டிப் டிப், பூனையைப் பிடிக்க மரத்தில் ஏறுகிறாள். இரண்டாவதையே நான் மேலாகச் சொல்வேன். கண்ணா இருட்டு வந்ததால் மதிப்புப் பெறுகிறான். விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அவனுக்கு என்ன இடம் என்ற கேள்வி மிஞ்சுகிறது. டிப் டிப்புக்கு யாரையும் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. அவள் குறும்புக்காரி, அது போதும். தமிழில் ஆட்டிசம் பற்றித் தொடர்ந்து எழுதிவரும் யெஸ். பாலபாரதி, ‘துலக்கம்’ நாவலில் ஆட்டிசம் உள்ள சிறுவனை மையத்தில் வைத்தார். 2020-இல் சாகித்திய அகாதமியின் பால சாகித்திய விருது பெற்ற சிறார் எழுத்தாளரும் அவரே என்பதால், இவ்விரு துறைகளும் ஒரே கையில் சேர்ந்திருக்கின்றன. இன்னொரு பக்கம் சாதனையாளர் வரலாறுகள் குவிகின்றன. ஹெலன் கெல்லரை எடுத்துக்கொண்டால் தண்ணீர்க் குழாயடியில் ‘நீர்’ என்பதை அறிந்த, ஏழு வயதை நெருங்கிய சிறுமியோடு பெரும்பாலும் நிறுத்திவிடுகிறோம். சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர், பெண்கள் வாக்குரிமைக்கும் தொழிலாளருக்கும் பேசியவர், போரை எதிர்த்தவர் என்ற மீதி எண்பது வருட வாழ்க்கை பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. அவர் எந்தத் திசையில் போகத் தீர்மானித்தார் என்பது அந்த மீதியில்தான் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு நம்பிக்கை தர வேண்டாமா, குணமாகும் முடிவில் என்ன பிழை என்று கேட்பவர்கள் உண்டு. குணமாகக்கூடிய நோய்க்கு அந்த முடிவு பொருந்தும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள்; இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உடற்குறை வாழ்நாள் முழுதும் தொடர்வது. அவர்களுக்கு எழுந்து நடக்கும் கிளாரா தரும் நம்பிக்கை எதற்கு உதவும்? சாய்தளம் உள்ள பள்ளி, சைகைமொழி தெரிந்த தோழி, தனியாகப் பேருந்து ஏறிய முதல் நாள் என்று உண்மையில் கிடைக்கக்கூடியவற்றைக் காட்டும் கதையே அவர்களுக்கு நம்பிக்கை தரும். மாற்றுத்திறனாளிகள் மட்டுமே இவற்றை எழுத வேண்டும் என்ற வாதத்தையும் நான் முழுதாக ஏற்கவில்லை. ஜீன் லிட்டில் போன்றவர்கள் எழுதும்போது வரும் துல்லியம் வேறு யாருக்கும் எளிதில் வராது என்பது உண்மை. ஆனால், கார்ஃபீல்ட் பயிற்சி முறையைப் படிப்படியாகக் காட்டியதுபோல, பார்வையற்ற ஒருவர் காலையில் எப்படிக் காப்பி ஆற்றுகிறார், ரூபாய் நோட்டை எப்படிப் பிரித்தறிகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதத் தயாராக இருப்பவருக்குக் கதவை அடைக்கக் கூடாது. கேட்காமல் எழுதியவர்கள்தான் யானைக் கதையைத் தந்தார்கள்.

எழுதுவது பாதி வேலை, வாசகரிடம் சேர்ப்பது மறு பாதி. தமிழ்நாடு அரசு 2022 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களை நடத்துகிறது. வாசிப்பு இயக்கத்துக்காகச் சிறு நூல்களும் வருகின்றன. எந்த நூலையும் உரிமையாளரின் அனுமதிக்குக் காத்திராமல் பிரெய்லாகவோ ஒலிநூலாகவோ மாற்றிப் பார்வையற்றோருக்குத் தர, 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் இடமளிக்கிறது. அச்சு வாசிக்க இயலாதவர்களுக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலாவதாக ஏற்ற நாடும் இந்தியாதான். ஆகவே சட்டம் தடையில்லை. தடை படக்கதையின் வடிவத்திலேயே இருக்கிறது. டிப் டிப் மரத்தில் தொங்குவது படத்தில் இருக்கிறது. எழுத்தை மட்டும் பிரெய்லாக்கினால் பாதிக் கதை போய்விடும். ஒவ்வொரு படத்துக்கும் ஓரிரு வரி விவரிப்பை, கதை எழுதும்போதே ஆசிரியரும் ஓவியரும் உட்கார்ந்து எழுதிவிட வேண்டும். அச்சகத்துக்குப் போகும் கோப்போடு அதுவும் சேர்ந்து போனால், சேலத்தில் அரசுப் பார்வையற்றோர் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் பக்கத்துத் தெருப் பிள்ளையும் ஒரே மாதத்தில் ஒரே கதையைப் படித்துவிட்டு அதைப் பற்றிச் சண்டை போடலாம்.